நீல நுனி

வெளுத்திருந்தா பரவாயில்லை. வெளுக்கறது வேற, உரியறது வேற. வெளுத்த பவளத்து மேல சதை அப்படியே இருக்கும், நிறம் மட்டும் போயிருக்கும், உள்ள உசுரு உக்காந்துக்கிட்டு இருக்கும், வெளிச்சத்தைக் குறைச்சு, தண்ணிச் சூட்டைப் பார்த்து, கையை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா ஒரு நாள் திரும்பி வந்துடும். இது அப்படி இல்லை. இது உரிஞ்சிருக்கு. லென்ஸைத் தொட்டிக் கண்ணாடியோட ஒட்ட வச்சுப் பார்க்கறேன், சதை முடியற இடத்துக்கும் எலும்பு ஆரம்பிக்கற இடத்துக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இருக்கு, கோட்டுக்குக் கீழ பழுப்பும் நீலமும், கோட்டுக்கு மேல வெறும் சுண்ணாம்பு. காலையில கோடு இந்த இடத்துல இல்லை. இறங்கியிருக்கு. இல்லை, அதே இடம்தான், நான் உக்காந்திருக்கற கோணம் மாறியிருக்கு, அவ்வளவுதான். என் பொண்டாட்டி கோமளா வெளியில போகும்போது நான் சோபாவுல இருந்தேன், இப்ப முக்காலியில இருக்கேன், கண்ணு வேற உயரத்துல இருந்தா கோடு வேற உயரத்துல தெரியத்தானே செய்யும். மனசு அடிச்சுக்குது, வேற ஒண்ணும் இல்லை. ஒரு மான்கொம்புப் பவளத்துக்கா இப்படி அடிச்சுக்குவாங்கன்னு கோமளா கேட்பா. கேட்கட்டும். தொட்டி மீன் விக்கற லிம் கடையில விரல் அளவு துண்டா வாங்கிட்டு வந்தது, என் கையால வளர்ந்து உள்ளங்கை அகலத்துக்குக் கிளை விட்டிருக்கு, ஒவ்வொரு கிளைக்கும் நுனியில தீப்பெட்டி மருந்து மாதிரி ஒரு நீலம். அதுல ஒரு நுனியைத்தான் காணோம். கிராம்பு அளவு நுனி. முறிஞ்ச இடத்துல இருந்துதான் உரியுது, அங்க இருந்துதான் கீழ இறங்குது. யாரோ முறிச்சிருக்காங்க. நண்டுதான்.

நண்டுன்னு முதல்ல சொன்னது நான் இல்லை, வாட்ஸ்அப் குழு. போட்டோ போட்டா போதும், ஆளுக்கு ஒரு வைத்தியம். உப்புத்தண்ணித் தொட்டி வச்சிருக்கறவன் அத்தனை பேரும் டாக்டர்தான் இந்த ஊர்ல. ஒருத்தன் உப்பு அளவு ஏறிடுச்சுங்கறான், ஒருத்தன் சூடு, ஒருத்தன் தட்டைப்புழு, ஒருத்தன் போன மாசம் எனக்கும் இப்படித்தான், காலையில பார்த்தா முழுசும் வெள்ளைங்கறான், எதுக்குச் சொல்றான், எனக்குத் தூக்கம் போகணும்னு சொல்றானா. உப்பு பார்த்தேன், சரியா இருக்கு. சூடு சரி. சுண்ணாம்புச் சத்து சரி. பீச்சாங்குழலால பவளத்து மேல தண்ணியை வேகமா அடிச்சுப் பார்த்தேன், தட்டைப்புழு இருந்தா பிய்ஞ்சு பறக்கும், பவளத்து நிறத்துலயே இருக்குமாம், ஒட்டிக்கிட்டு இருக்கற வரைக்கும் கண்ணுக்கே தெரியாதாம், தின்ன இடம் மட்டும் வட்ட வட்டமா வெளிறித் தெரியுமாம். ஒண்ணும் பறக்கலை, வட்டமும் இல்லை. அப்புறம் அடிப்பக்கம் பார்த்தேன். முட்டை வைக்கறது அடியிலதான், வெறும் எலும்பு மேலதான். அதுக்கு நீளக் காம்பு வச்ச கண்ணாடி வேணும், அது வீட்டுலயே இருந்துச்சு. உள்ள விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒவ்வொரு கிளைக்கு அடியிலயும், பாறை இடுக்குலயும், முட்டையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. அந்தக் கண்ணாடி கோமளா வாங்கினது. பாலிகிளினிக்ல கால் பார்க்கற நர்ஸம்மா சொல்லி வாங்கினது. தினமும் குளிச்சு முடிச்சதும் உள்ளங்காலைப் பார்க்கணும், குனிய முடியலைன்னா கண்ணாடியைத் தரையில வச்சுப் பார்க்கணும், சர்க்கரைக்காரங்களுக்குக் கால்ல உணர்ச்சி கம்மியாயிடும், முள்ளு குத்தினாலும் தெரியாதுன்னு நர்ஸம்மா மெதுவா, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க. நைலான் நூல் மாதிரி ஒண்ணை எடுத்து உள்ளங்கால்ல அங்கங்க குத்தி, தெரியுதா அங்கிள், தெரியுதா அங்கிள்னு கேட்டாங்க. நான் தெரியுது தெரியுதுன்னேன். அவங்க குத்தாத போதும் தெரியுதுன்னேன்னு கோமளா வெளியில வந்து சொன்னா. கோப்பிக்கடையில உக்காந்து சிரிச்சேன். அவ சிரிக்கலை.

பார்ப்பேன், பார்க்காம என்ன. இந்த வாரம்தான் பார்க்கலை. கண்ணாடி தொட்டித் தண்ணியில முங்கிக் கிடந்துச்சு, உப்புப் படிஞ்சிருந்துச்சு, கழுவணும், கழுவிட்டுப் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன். சரி, அதுவும் பொய். யாருக்கிட்ட மறைக்கறேன், வீட்டுல நானும் மீனும்தான் இருக்கோம். பயம். அண்ணன் தணிகாசலம் நகம் வெட்டினான், அவ்வளவுதான் செஞ்சான், உலகத்துல எல்லாரும் செய்யறதைத்தான் செஞ்சான். கட்டைவிரல் ஓரத்துல ஒரு கீறல். அது புண்ணாச்சு, விரல் கறுத்துச்சு, விரலை எடுத்தாங்க. எடுத்த இடம் ஆறலை, பாதம் போச்சு, அதுவும் ஆறலை, முழங்காலுக்குக் கீழ போச்சு. ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஒரு கோடு காட்டினாரு, இதுக்குக் கீழ செத்துடுச்சு, இதுக்கு மேல நல்லா இருக்கு, நல்லா இருக்கற இடத்துல வெட்டணும், ஒட்டிக்கிட்டுக் கொஞ்சம் விட்டா மறுபடியும் ஏறும்னாரு. பவளத்துலயும் இதைத்தான் சொல்றாங்க. கோட்டுக்கு மேல வெட்டாதே, கோட்டுக்குக் கீழ உசுரு இருக்கற இடத்துல வெட்டு, விரல் அகலம் தாராளமா விட்டு வெட்டு, பாசம் பார்க்காதே. சே, எதை எதோட சேர்க்கறேன். கால் காலு, பவளம் பவளம். அண்ணன் கட்டில்ல படுத்துக்கிட்டு என் கையைப் பிடிச்சு, டேய், பார்க்காத வரைக்கும் நல்லாத்தான்டா இருந்துச்சு, பார்த்த அன்னிக்குத்தான்டா ஆரம்பிச்சுச்சுன்னான். அந்தச் சொல்லு தலைக்குள்ள போய் உக்காந்துக்குச்சு, எந்திரிக்க மாட்டேங்குது. படிச்சவன்தான் நான், லிஃப்ட் பழுது பார்க்கற கம்பெனியில இத்தனை வருஷம் சூப்பர்வைசரா இருக்கேன், கேபிள் தேஞ்சா தேஞ்சதுதான், கண்ணை மூடிக்கிட்டா கேபிள் வளராதுன்னு பசங்களைத் திட்டுவேன். ஆனா கால்னு வந்தா அண்ணன் சொல்லுதான். போன தடவை அவனைப் பார்க்கப் போனப்ப, இல்லாத பாதத்துல அரிக்குதுடா, சொரிஞ்சு விடேன்னான். எதைச் சொரியறது. போர்வை மேல காத்துல விரலை ஆட்டினேன், கண்ணை மூடிக்கிட்டு ஆங், ஆங், அங்கதான்னான். அவனுக்கு இல்லாத கால்ல அரிக்குது. எனக்கு இருக்கற கால்ல எறும்பு ஏறினாலும் தெரியலை. அன்னிக்கு பஸ்ஸுல வரும்போது ஷூக்குள்ள விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கிட்டே வந்தேன். மடங்குச்சான்னு தெரியலை.

செருப்பு விஷயமும் அப்படித்தான். வீட்டுக்குள்ளயும் செருப்புப் போடணும்னு நர்ஸம்மா சொன்ன அன்னிக்கே கோமளா தேக்கா கடைத்தெருவுக்குப் போய் மெத்து மெத்துன்னு ஒரு ஜோடி வாங்கிட்டு வந்துட்டா. வந்ததும் மஞ்சத்தண்ணியில கழுவினா, பொட்டுதான் வைக்கலை. இது வெளியில போகாத செருப்புங்க, தெருவையே பார்க்காத செருப்பு, சாமி ஒண்ணும் நினைச்சுக்காதுன்னா. சாமி மேடை கூடத்துலதான் இருக்கு, தொட்டிக்கு எதிர்ல, முருகன் என்னைப் பார்த்துக்கிட்டு இருக்காரு. எங்க அப்பா வாசல்ல செருப்பைக் கழட்டி, காலைக் கழுவி, அப்புறம்தான் வீட்டுக்குள்ள மூச்சே விடுவாரு. நான் மேடைக்கு முன்னாடி சரட்டு சரட்டுன்னு செருப்போட நடக்கறதா, சாமி சும்மா விடுமா, ஏற்கனவே சர்க்கரையைக் குடுத்திருக்காருன்னு சொல்லி முடிச்சேன். அது மேடைக்கு அடியிலயே புதுசா கிடக்கு. சாமிக்காகத்தான் போடலைன்னு அவ நினைக்கறா. சாமிக்காகவும்தான். ஆனா அந்த மாதிரிச் செருப்பை நான் முதல்ல பார்த்தது அண்ணன் கட்டிலுக்கு அடியில. ஒத்தைச் செருப்பு. இன்னொண்ணை அண்ணி எங்க வச்சாங்கன்னு கேட்க எனக்கு வாய் வரலை.

இன்னிக்கு அவ தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு, சமூக மன்றத்துல. நான் வரலை, பவளம் சாகக் கிடக்குன்னேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, அது சாகுது, நான் போறேன்னு கிளம்பிட்டா. பவளம் ஒரு சாக்கு. அங்க போனா வாசல்ல ஷூவைக் கழட்டணும், பாயில சம்மணம் போட்டு உக்காரணும், உள்ளங்கால் ஊருக்கே தெரியும். பக்கத்துல உக்காந்திருக்கற ஆள், என்ன மச்சான் கால்லன்னு கேட்டுட்டா. அவ்வளவுதான், பார்த்தாச்சுன்னு ஆயிடும். ஆரம்பிச்சுடும். அதனால திரைச்சீலையெல்லாம் இழுத்து விட்டுட்டு, தொட்டி விளக்கை அணைச்சுட்டு, பட்டப்பகல்ல ராத்திரி பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். நண்டு இருட்டுனாத்தான் வரும். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுத்தியிருக்கேன், சிவப்பு வெளிச்சம் அதுங்க கண்ணுக்குத் தெரியாதாம். பாறைக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடி டம்ளரைச் சாய்ச்சு வச்சு உள்ள ஒரு துண்டு இறால் போட்டிருக்கேன், இறங்கினா ஏற முடியாது, வழுக்கும். மயிரு முளைச்ச நண்டு, கறுப்புக் கொடுக்கு, ஒரு தடவை பார்த்திருக்கேன், திருட்டு முழி. அவனைப் பிடிச்சுட்டாப் போதும், எல்லாம் சரியாயிடும். தரையில பழுப்பா ஒரு சொட்டு. அயோடின். வியாழக்கிழமை பவளத்தை அயோடின் தண்ணியில முக்கி எடுத்தேன்ல, அப்பச் சொட்டியிருக்கும். அந்தப் பக்கம் இன்னொண்ணு. சமையலறை வாசல்ல ஒண்ணு, குளியலறைக்குப் போற வழியில ரெண்டு. அயோடின் டப்பாவோட நான் குளியலறைக்குப் போனேனா. போயிருப்பேன், கை கழுவ. படுக்கையறை வாசல்லயும் காலையில ஒண்ணு பார்த்தேன், டிஷ்யூ வச்சுத் துடைச்சுட்டேன். டப்பாவோட படுக்கையறைக்கு நான் எதுக்குப் போறேன். விடு. நண்டைப் பாரு.

நாத்தம் ஒண்ணு வருது. பவளம் செத்தா நாறும், தண்ணியே நாறும், எல்லாருக்கும் தெரியும். மூக்கைத் தண்ணிக்கிட்டக் கொண்டு போனேன். கடல் வாசம், உப்பு வாசம், சுத்தமா இருக்கு. நிமிர்ந்தா வருது. முக்காலியில உக்காந்தா வருது. குனிஞ்சா இன்னும் வருது. குனியலை. மனசு அடிச்சுக்குது, மூக்கும் சேர்ந்து அடிச்சுக்குது. இறால் துண்டா இருக்கும். லிம் ஒரு தடவை கடையில வச்சுச் சொன்னான், சிங்கா, கையில வெட்டு இருந்தா தொட்டிக்குள்ள கை விடாதே, என் மாமன் ஒருத்தன் மீன் முள்ளு குத்தி ஆஸ்பத்திரியில கிடந்தான்னு. என்னைச் சிங்கான்னுதான் கூப்பிடுவான், சிங்காரவேலுன்னு முழுசாச் சொல்ல அவனுக்கு நாக்கு வராது. நான் கையை ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன், பாரு, வெட்டே இல்லைன்னேன். கையிலதான் இல்லை. போன ஞாயிறு கூட சுத்தம் பண்றதுக்கு முன்னாடி கையை நல்லாப் பார்த்துட்டுத்தான் விட்டேன். தோள் வரைக்கும் உள்ள விட்டு, பெரிய பாறையைத் தூக்கி இந்தப் பக்கம் நகர்த்தினேன், தண்ணி தளும்பித் தரையெல்லாம் கொட்டுச்சு, பவளம் கண்ணாடியில லேசா இடிச்ச மாதிரி இருந்துச்சு, ஒண்ணும் ஆகலைன்னு நினைச்சேன். அப்புறம் பழைய கைலியைத் தரையில போட்டு, எப்பவும் போல, காலாலயே தேய்ச்சுத் துடைச்சேன். குனிய யாரால முடியும். கைலி மேல ஏறி நின்னுக்கிட்டு, ஒரு கால் ஊணி ஒரு கால் தேய்ச்சு, கூடம் முழுக்க நடந்தேன். கோமளா கூட, ஆட்டம் நல்லா இருக்குன்னு சிரிச்சா. அடுத்த நாள்தான் நுனி இல்லைன்னு பார்த்தேன். மணல்ல தேடினேன், பாறை அடியில தேடினேன், பம்புக்குள்ள கூடத் தேடினேன். கிராம்பு அளவு ஒரு நுனி எங்க போகும். நண்டு குகைக்குள்ள கொண்டு போயிருக்கும். வேற எங்க போகும்.

வந்துட்டான். கொடுக்கு மட்டும் தெரியுது. அசையாதே சிங்காரவேலு, மூச்சு விடாதே. அந்த நேரத்துக்குத்தான் கேட் திறக்கற சத்தம், கை நிறைய வளையலோட கோமளா. பட்டப்பகல்ல என்ன இருட்டுன்னு கேட்டுக்கிட்டே வர்றா, சாப்பாட்டு டப்பாவை மேசையில வைக்கறா, புளிச்சாத வாசம் வருது. நான் கையைக் காட்டறேன், ஷ், நண்டு. அவ நின்னுட்டா. நண்டுக்காக நிக்கலை, தரையைப் பார்த்து நிக்கறா, திரை இடுக்கு வெளிச்சத்துல. இது என்னங்கன்னு கேட்கறா, அயோடின்கறேன். பட்டுப்புடவையோட குத்த வச்சு உக்காந்து, விரலால தொட்டு, மூக்குக்கிட்டக் கொண்டு போறா. சொட்டு சொட்டா நடந்து குளியலறை வரைக்கும் போறா, திரும்பி வர்றா, எனக்கு முன்னாடி தரையில உக்காந்துக்கறா.

"காலைக் குடுங்க."

இரு, நண்டு வெளியில வருதுங்கறேன். அவ கேட்கலை, கணுக்காலைப் பிடிச்சுத் தூக்கி மடியில வச்சுக்கறா, பட்டுப்புடவைடி, கறை படும்ங்கறேன், சாமி கும்பிட்டுட்டு வந்திருக்கே, என் காலையா தொடறதுங்கறேன், வாய் பாட்டுக்கு என்னென்னமோ பேசுது. டார்ச்சை என் கையில இருந்து வாங்கி, சிவப்புக் காகிதத்தைப் பிய்ச்சுப் போடறா. நான் குனியலை. நான் தொட்டியைத்தான் பார்க்கறேன். பார்த்தா ஆரம்பிச்சுடும். பவளத்துக்கு இறால் ஊட்டற நீள இடுக்கி தொட்டிப் பக்கத்துல துண்டுத் துணி மேல இருக்கு, அதைக் கேட்கறா, கொதி தண்ணி கேத்தில்ல இருக்கான்னு கேட்டுட்டு அவளே எந்திரிச்சுப் போய் ஊத்திக் கழுவிட்டு வர்றா, மறுபடியும் என் கால் அவ மடியில இருக்கும் போல. வலிச்சா சொல்லுங்கங்கறா. சரி, ஆரம்பிக்கும்போது சொல்லுங்கறேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். நண்டு முழுசா வெளியில வந்துடுச்சு. டம்ளர் பக்கமே போகலை. பவளத்து மேல ஏறப் போகுது, பாரு, ஏறப் போகுது. ஏறலை. சுத்திக்கிட்டுப் போய், பாறையில இருக்கற பச்சைப் பாசியைக் கொடுக்கால கிள்ளிக் கிள்ளி வாயில வச்சுக்கிட்டு இருக்கு, கீரை ஆயற பொம்பளை மாதிரி, அது பாட்டுக்கு. பவளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அப்ப முறிச்சது யாரு. ஏன் கோமளா, இன்னும் ஆரம்பிக்கலையான்னு கேட்கறேன்.

அவ உள்ளங்கையை என் முகத்துக்கு நேரா நீட்டறா. டார்ச் வெளிச்சத்துல, டிஷ்யூ மேல, கிராம்பு அளவு ஒண்ணு. நிறமெல்லாம் போயிடுச்சு, ரத்தமும் சீழும் ஒட்டியிருக்கு, ஆனாலும் எனக்குத் தெரியாதா. நுனியில அந்தக் குட்டி வாய், சுத்தி வரி வரியா, தினமும் லென்ஸ் வச்சுப் பார்த்தது. எப்ப எடுத்தே. அப்பவே எடுத்துட்டேங்கங்கறா. ஒரு வாரம். தளும்பின தண்ணியோட தரையில விழுந்து, கைலி மேல ஆடினப்ப கால்ல ஏறினது. வேலைக்கு, காய்கறி வாங்க பாசாருக்கு, கோப்பிக்கடைக்கு, அண்ணனைப் பார்க்கவும் இதை மிதிச்சுக்கிட்டேதான் போயிட்டு வந்திருக்கேன். அவ என் முகத்தையே பார்க்கறா, எதுக்குப் பார்க்கறான்னு தெரியுது, முகம் சுளிக்குமான்னு பார்க்கறா, கொஞ்சமாவது சுளிக்காதான்னு பார்க்கறா. அவ கண்ணு நிறையுது. எனக்குத் தாங்கலை. கண்ணை இறுக்கிக்கிட்டு, ஸ்ஸ்னு பல்லுக்கு நடுவுல காத்தை இழுக்கறேன்.

"வலிக்குது கோமளா."

"நான் இப்பத் தொடவே இல்லைங்க."

அவ திரையை விலக்கறா, கூடம் முழுக்க வெயில், நண்டு ஓடி ஒளியுது, கோடு இருந்த இடத்துலயே இருக்கு, இல்லை, இறங்கியிருக்கு. துணி வச்சுக் காலைச் சுத்தறா போல, குனிஞ்சிருக்கா, மல்லிப்பூ மட்டும் தெரியுது. எந்திரிச்சு டாக்சிக்குப் போன் பண்றா, ஆஸ்பத்திரின்னு சொல்றா, சீக்கிரம்னு சொல்றா. அந்தச் செருப்பை எடுத்துட்டு வான்னு சொல்றேன், சாமி முன்னாடியே, சத்தமா. மேடைக்கு அடியில இருந்து எடுத்துட்டு வந்து என் முன்னாடி மண்டி போடறா, வளையல் குலுங்குது. எந்திரிங்க, மாட்டியாச்சுங்கறா. மாட்டியாச்சா இல்லையான்னு எனக்குத் தெரியலை, குனிஞ்சு பார்க்கறேன்.